முப்பத்தொன்று இருபது

நாற்பத்தாறு நிமிடம் என்று காட்டுகிறது. அவர் பிரின்சிபால் எதிரில் போய் உட்காரப்போவது மூன்று மணிக்கு, இப்போது இரண்டு பத்து, ஓட்டாமல் பார்த்தாலும் முடித்துவிடலாம். எதையும் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறவள் நான், என் கல்யாண வீடியோவையே அப்படித்தான் பார்த்தேன், ஆனால் இதை ஓட்டக்கூடாது, ஓட்டினால் அந்த இடம் தப்பிவிடும், பிறகு அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வசதியாகப் போய்விடும். ஃபோன் என் பெண் சம்யுக்தாவுடையது. பதினொரு நாளாக அரிசி டப்பாவுக்குப் பின்னால் என் காவலில் இருக்கிறது. மடியில் ஜெராக்ஸ், எட்டுப் பக்கம். அவள் நோட்டைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் கொடுப்பதற்கு முன்னால் மூலைக்கடையில் நின்று நானே எடுத்தது, நகல் இல்லாமல் எந்தக் காகிதத்தையும் யார் கையிலும் கொடுக்காதே என்பார் அப்பா, ரயில்வேக்காரர். பதினொரு நாளுக்கு முன்னால் இந்தப் பெண் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "அது சப்டைட்டில்மா, நானும் ஜெபாவும் அந்த ஜப்பான் சீரியலுக்குத் தமிழ்ல எழுதிக்கிட்டிருக்கோம், எட்டாவது எபிசோட், வேணும்னா போட்டுப் பாரு." நான் போட்டுப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு டி.சி. வாங்கி வர அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு, நாளைக் காலையில் அவளை நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்த் தள்ளப்போகிறோம் என்பது முடிவான பிறகு, பாத்திரத்தை ஊறப்போட்டுவிட்டு ஈரக்கையோடு அரிசி டப்பாவை நகர்த்தினேன். இருக்கக்கூடாது. யாரிடம் மறைக்க, உள்ளுக்குள்ளே ஓடுவது அதுதான். இந்த நாற்பத்தாறு நிமிடத்தில் நோட்டில் இருந்த வரிகள் இருக்கக்கூடாது, அவள் பொய் சொல்லியிருக்க வேண்டும், அப்போதுதான் நான் செய்தது சரி. பெற்ற பெண் பொய்க்காரியாக இருக்கட்டும் என்று கை கூப்பாத குறையாக உட்கார்ந்திருக்கிறேன் பட்டப்பகலில், அயனாவரத்தில், இரண்டாவது மாடியில்.

ஆரம்பமே ஓட்டம். பாவாடையும் கோட்டும் போட்ட ஒருத்தி வாயில் ரொட்டித் துண்டைக் கவ்விக்கொண்டு தெருவில் ஓடுகிறாள், எதிரே வருகிற சைக்கிளில் முட்டி விழுகிறாள், எழுந்து தலை குனிந்து பத்துத் தடவை மன்னிப்புக் கேட்கிறாள். இவள்தான் கதாநாயகி, ஹினாக்கோ. சைக்கிளில் வந்தவன் தாச்சிபானா, எப்போதும் தூங்கி வழிகிற மூஞ்சி. பதினேழு வயதுப் பையனாம், நன்றாகப் பார்த்தால் தாடை முழுக்கச் சவரம் செய்த பச்சை, இருபத்தேழுக்கு ஒரு நாள் குறையாது. இதை நான் சாப்பாட்டு மேஜையில் சொன்னபோது சம்யு கோபித்துக்கொண்டாளே. "ம்மா, அவர் பேரு மினேகாவா, சின்ன வயசுல பேஸ்பால் ஆடினவர், தோள்பட்டை உடைஞ்சு நடிக்க வந்தார், உனக்குத் தெரியாம பேசாதே." ஏதோ சித்தப்பா பையன் மாதிரி. அந்தப் பெண்ணாக நடிக்கிறவளுக்கு இதுதான் முதல் சீரியல், வகுப்பாசிரியராக வருகிற வழுக்கைத் தலையர் நூடுல்ஸ் விளம்பரத்தில் வருகிறவர், கதாநாயகியின் தோழியாக வருகிற குண்டுப் பெண்ணுக்கு நிஜத்தில் ஸ்கூல் போகிற மகள் ஒருத்தி இருக்கிறாள். எல்லாம் எனக்குத் தெரியும், தட்டில் ரசம் ஆற ஆற அவள் சொன்னவை, நான் ம் ம் என்று போட்டுக்கொண்டே அடுத்த நாள் காய்க்கு யோசித்தவை, காதில் எப்படியோ தங்கியிருக்கின்றன. அப்போது அந்த வாய் மூடாது. மூடித் தொலையேன் என்று நானே சொல்லியிருக்கிறேன், ஒரு தரமா இரண்டு தரமா. மூடிவிட்டது. தமிழில் இதற்கு "ஜன்னலோர மூணாவது பெஞ்ச்" என்று பேர் வைத்திருந்தார்கள் இவளும் இவள் வகுப்பு ஜெபசீலியும், நோட்டின் அட்டையில் இருந்தது, அங்கே பெஞ்சே கிடையாது, ஆளுக்கொரு மேஜை, வாசலில் செருப்பு வைக்க ஆளுக்கொரு அலமாரி. அந்த அட்டையைப் பார்த்த அன்றே கேட்டிருக்கலாம். நான் அட்டையையா பார்த்தேன், உள்ளே இரண்டு கையெழுத்தைப் பார்த்தேன். நீல மையில் இவள், கறுப்பு மையில் அவள், ஒரு வரி இவள், ஒரு வரி அவள். உன் குடையில எனக்கும் இடம் இருக்கா. இருக்கு, ஆனா நீ நனைஞ்சாத்தான் அழகு. பதினேழு வயதில் இரண்டு பெண் பிள்ளைகள் ஒரு நோட்டில் இப்படி எழுதிக்கொண்டால் ஒரு தாய் என்ன நினைப்பாள். வரிக்கு முன்னால் எண் வேறு. எட்டு பதினைந்து, பள்ளி மணி அடிக்கிற நேரம். பன்னிரண்டு நாற்பது, சாப்பாட்டு மணி. முப்பத்தொன்று இருபது, மொட்டை மாடிக்கு வா, உன்கிட்ட மட்டும்தான் சொல்லணும். ரயில்வேக்காரர் மகளுக்கு இருபது என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டாம், இரவு எட்டு. முப்பத்தொன்று தேதி. ஜூலை முப்பத்தொன்று, இரவு எட்டு மணி, மொட்டை மாடி, அதற்கு இன்னும் பதினாறு நாள்தான் இருக்கிறது என்று விரலை மடக்கி எண்ணினேன், அன்றைக்கே ஆட்டோ பிடித்தேன்.

குடை. இதோ குடை. மழையில் அவன் குடை பிடித்து நிற்கிறான், அவள் கேட்கிறாள், கீழே ஆங்கிலத்தில் ஓடுகிறது, உன் குடையில் எனக்கு இடம் உண்டா என்று. திரையின் அடியில் கோட்டுக்குப் பக்கத்தில் எண், எட்டு பதினைந்து. எட்டாவது நிமிடம், பதினைந்தாவது நொடி. இவ்வளவுதானா. நிறுத்தினேன். திரும்பப் போட்டேன். எட்டு பதினைந்து. சரி, ஒன்று இருக்கலாம், ஒரு வரியைச் சீரியலிலிருந்து எடுத்துவிட்டு மீதியை இவர்களே எழுதியிருக்கலாம், கெட்டிக்காரிகள், விடாதே, ஓடவிடு. பிரின்சிபால் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இந்தக் குடை வரியை வாய்விட்டுப் படித்தாளே, ஆபீஸ் பியூன் கதவருகே நிற்கும்போதே. "நீங்க படிச்ச குடும்பம், அதனால கொண்டுவந்து காட்டினீங்க," என்றாள் என்னிடம். காதில் தேன். கான்வென்ட் இங்கிலீஷில் ஒரு நன்றி சொன்னேன். ஜெபசீலியின் அம்மா தைக்கிற மெஷினை விட்டுவிட்டு ஓடிவந்தவள், புடவையில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது, "எம்புள்ள அப்படி இல்ல டீச்சர், அது ராப்பகலா படிக்கிற புள்ள டீச்சர்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள், சொல்லிக்கொண்டே திரும்பி அந்தப் பெண்ணை ஓங்கி ஒரு அறை. அதற்கு மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. அது சம்யுவைப் பார்த்தது. சம்யு என்னைப் பார்த்தாள். நான் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தேன், பெரிய மனுஷி. மறுநாளே அதற்கு டி.சி. கொடுத்துவிட்டார்கள், சாத்தான்குளத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்வி. எங்களிடம் மட்டும், யோசித்து நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள் என்றார்கள். படித்த குடும்பம். அவர் யோசித்தார். முதலில் அவள் அறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினார், கதவில் நாலு ஓட்டை இன்னும் வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது. பிறகு விடுதி. காலை நாலரை மணிக்கு எழுப்பி உட்காரவைத்துவிடுவார்களாம், ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் மட்டும் ஃபோன், அதுவும் வார்டன் எதிரில். "நல்லதுதான்," என்றேன் நான். என் வாயால்.

ஃபேன் ஓடுகிறது. அவள் அறை ஃபேன், மூன்றில் வைத்தால் ஒரு முக்கல் வரும், அந்த முக்கல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், பதினொரு நாளாக வீட்டில் நான் கேட்கிற பாட்டு அது. ஒரு காதில் ஜப்பான், ஒரு காதில் ஃபேன். இங்கே அந்த வழுக்கை வாத்தியார் நாற்காலியோடு சாய்ந்து விழுகிறார், வகுப்பே சிரிக்கிறது, எனக்கும் உதடு ஒரு பக்கம் போய்விட்டது, சீ. அடுத்து என்ன, சாப்பாட்டு டப்பா, பன்னிரண்டு நாற்பது, அவன் அவளுடைய டப்பாவைத் தெரியாமல் தின்றுவிட்டு யாரிடமும் சொல்லாதே என்கிறான், ஜெராக்ஸில் கறுப்பு மையில் அப்படியே, பார்க்கப்போனால் இங்கிலீஷைவிட இந்தப் பிள்ளைகளின் தமிழ் நன்றாக இருக்கிறது. அவன் "உணவுக்கு நன்றி" என்கிறான் இங்கிலீஷில், ஜெபா "கை மணக்குது" என்று எழுதியிருக்கிறாள். அன்றைக்கு இதே கை மணக்குதைத்தான் நான் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அவரிடம் நீட்டினேன். "இதைப் பாருங்க, இதுக்கு என்னங்க அர்த்தம்?" முக்கல் நின்றுவிட்டது. நின்றுவிட்டது. ஃபோன் மடியிலிருந்து விழுந்தது, காதில் இருந்த இயர்ஃபோன் பிடுங்கிக்கொண்டு போயிற்று, எட்டு அடிதான் அந்தக் கதவு, எட்டு அடிக்குள் என் புத்தி எங்கெங்கோ போய் எதையெதையோ பார்த்துவிட்டு வந்தது, துப்பட்டாக்களை எல்லாம் நான் என் பீரோவுக்கு மாற்றிவிட்டேன், பெட்ஷீட்டை மாற்றினேனா, பெட்ஷீட்டை யார் மாற்றுவார்கள். தள்ளினேன். கரண்ட் போயிருக்கிறது, அவ்வளவுதான், கூடத்து ஃபேனும் நின்றிருந்தது, எனக்குத்தான் உறைக்கவில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கால் கட்டை விரல் மட்டும் அசைந்தது, இருக்கிறேன் போ என்கிற மாதிரி. "காத்து வரட்டுமேன்னு திறந்தேன்," என்றேன். பதில் எதிர்பார்த்தா சொன்னேன். கரண்ட் வந்தது. முக்கல் வந்தது. திரும்பி வந்து ஃபோனை எடுத்தேன், கண்ணாடி உடையவில்லை, மணி இரண்டு இருபத்தைந்து.

விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டேன். விடுதி என்றால் அவருக்கு ஒரு கட்டிடம், எனக்குத் தெரியும் விடுதி என்றால் என்ன என்று. மலைமேல் கான்வென்ட்டில் ஆறு வருஷம். ஞாயிற்றுக்கிழமை எழுதுகிற கடிதத்தை ஒட்டாமல் கொடுக்க வேண்டும், வருகிற கடிதம் பிரித்துத்தான் கைக்கு வரும், அதைக் கூடையில் சேகரித்து சிஸ்டர் மேஜைக்குக் கொண்டுபோக ஒரு பெண்ணை நியமிப்பார்கள், ஒன்பதாம் வகுப்பில் அது நான். நம்பிக்கையான பெண் என்று பேர். இமெல்டா என்று ஒருத்தி, பக்கத்துக் கட்டில், இரவில் போர்வைக்குள் பிஸ்கட் நொறுக்குகிறவள், அவள் ஏற்கெனவே ஒட்டிய ஒரு கடிதத்தைக் கெஞ்சுகிற கண்ணோடு கூடையின் அடியில் வைத்திருந்தாள். அப்படியே விட்டிருக்கலாம். நான் அதை மேலே எடுத்து வைத்தேன். கோள் சொல்லவில்லை, யாரும் என்னைக் கோள்காரி என்று சொல்ல முடியாது, மேலே எடுத்து வைத்தேன், அவ்வளவே. சாப்பாட்டு ஹாலில் சிஸ்டர் அதைப் படித்தார். யாருக்கு எழுதியது, என்ன எழுதியது, ஒன்றும் நினைவில்லை, சூப்பில் ஸ்பூன் படாமல் நூற்றிருபது பேர் உட்கார்ந்திருந்த நிசப்தம் மட்டும் இருக்கிறது. மத்தியான பஸ்ஸில் அவளை அனுப்பினார்கள். பிறகு ஒரு முறை எழும்பூர் ஸ்டேஷனில் பார்த்தேன், கையில் குழந்தை, என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தாளே, அதுதான். அவளுக்கு யார் மேலே எடுத்து வைத்தது என்று கடைசிவரை தெரியாது. இந்த நினைப்பை முப்பது வருஷமாக வரும்போதெல்லாம் ஓட்டிவிட்டிருக்கிறேன், இன்றைக்கு எதற்கு நின்று நிதானமாக ஓடுகிறது. இருபத்தெட்டாவது நிமிடம். இன்னும் மூன்று நிமிடம். அவர் இந்நேரம் வண்டியை நிறுத்திவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு.

முப்பத்தொன்று இருபது. ஹினாக்கோ படிக்கட்டின் அடியில் நின்று, மூச்சிரைக்க, மொட்டை மாடிக்கு வா என்கிறாள். உன்கிட்ட மட்டும்தான் சொல்லணும். முப்பத்தொன்று ஐம்பத்திரண்டு, யாராவது பாத்தா? பாக்கட்டும். ஐம்பத்திரண்டு. ஒரு நாளில் ஐம்பத்திரண்டாம் மணி எங்கே இருக்கிறது ரேணுகாதேவி, ரயில்வேக்காரர் மகளே, ஜெராக்ஸில் அடுத்த வரியிலேயே இருந்ததே, அன்றைக்குப் பார்த்தாயா இல்லையா. பார்த்தேன். கண் அதன்மேல் ஏறி இறங்கிப் போய்விட்டது. வேண்டாததன்மேல் ஏறி இறங்கிப் போகிற கண், நல்ல கண். மாடியில் காற்று அடிக்கிறது, கோடைக்காலம் என்று கதை, அந்தப் பெண்ணின் மூக்கு நுனி குளிரில் சிவந்திருக்கிறது, மாசி மார்கழியில் எடுத்திருப்பார்கள், பாவம், ஆனாலும் நடிக்கிறாள், கை விரல் தன் பாவாடையைப் பிடித்துப் பிடித்து விடுகிறது, நேற்றிலிருந்து தூங்கவில்லை என்கிறாள், உன் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் எனக்குப் பாடம் புரிகிறது என்கிறாள், வரி வரியாக, ஜெராக்ஸில் என் விரல் நகர நகர அவள் சொல்கிறாள், நீலம் அவள், கறுப்பு அவன், ஒன்று தவறவில்லை. என் பெண் பொய் சொல்லவில்லை. இதற்குச் சந்தோஷப்பட வேண்டும். அந்தப் பிள்ளையின் மூக்கில் ரத்தம் வந்ததே, அது இந்தச் சவரம் செய்த தாடைக்காரன் பேசிய வசனத்துக்கா. அவன் வாயைத் திறக்கிறான், பதில் சொல்லப்போகிறான், கதவு படாரென்று திறந்து வழுக்கை வாத்தியார் தலைகுப்புற வந்து விழுகிறார், மணி அடிக்கிறது, பாட்டு, முடிந்தது மாடி. ஜெராக்ஸில் முடியவில்லை. எட்டாம் பக்கத்தின் அடியில் இன்னும் இரண்டு வரி. நீல மை, அவங்க சொல்லிட்டாங்க, நாம எப்போ. கறுப்பு மை, பன்னெண்டாவது முடியட்டும், அதுவரைக்கும் என் பக்கத்துலயே உட்காரு. முன்னால் எண் இல்லை. மீதி நிமிடங்களை விடாமல் பார்த்தேன், பஸ்ஸில் இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதை, குண்டுத் தோழி அழுவதை, எல்லாவற்றையும், கடைசியில் நடித்தவர்கள் பேர் ஓடி முடிகிறவரை. இல்லை. இந்த இரண்டு வரியும் எங்கேயும் இல்லை. கல்லூரி விண்ணப்பம் பற்றியாக இருக்கலாம். யாரிடமோ எதையோ சொல்ல வேண்டியதாக இருக்கலாம். அப்படியும் இருக்கலாம் இப்படியும் இருக்கலாம், என் மண்டை, என்ன என்று உனக்குத் தெரியும், இந்தக் கறுப்பு எழுத்து மற்ற வரிகளைவிடச் சின்னதாக, மெதுவாக, ஒவ்வொரு புள்ளியும் வட்டமாக வைத்து எழுதியிருப்பது உனக்குத் தெரிகிறது. ஆக நீ அன்றைக்கு நினைத்தது சரி. கேட்டாயே, இருக்கக்கூடாது என்று, இதோ இரண்டு வரி இல்லை, எடுத்துக்கொள். இரண்டு ஐம்பத்தெட்டு. அவரைக் கூப்பிட்டு இரண்டையும் சொல்லலாம், இது இருக்கிறது, இது இல்லை என்று, நேர்மையாக. நம்பிக்கையான பெண். நோட்டு பிரின்சிபால் அம்மாள் மேஜையில் இருக்கிறது, அவளா உட்கார்ந்து ஜப்பான் சீரியல் பார்க்கப்போகிறாள். என் ஃபோன் எங்கே. அடுப்பு மேடையில். ஒரு மணி, இரண்டு மணி, எடுங்களேன், சனியனே எடுங்களேன்.

"சொல்லு ரேணு. உள்ளே கூப்பிட்டுட்டாங்க."

"டி.சி. வாங்காதீங்க."

"என்னது?"

"அவ சொன்னது நெசம். எட்டாவது எபிசோட். இப்பத்தான் பார்த்து முடிச்சேன். அந்த நம்பரெல்லாம் நிமிஷக் கணக்கு. அவங்க எழுதினது சப்டைட்டில்தான்."

அந்தப் பக்கம் வராந்தாச் சத்தம். யாரோ யாரையோ வரிசையில் நிற்கச் சொல்கிறார்கள்.

"நீதானே தலையில அடிச்சுக்கிட்டு சத்தியம் பண்ணினே?"

"பண்ணினேன்."

"இப்ப நான் உள்ளே போய் என்னன்னு சொல்றது?"

"பொண்டாட்டி ஒரு முட்டாள்னு சொல்லுங்க. வேற யார் கேட்டாலும் குஷியாத்தானே சொல்றீங்க."

அவர் சிரிக்கவில்லை. "நோட்டு முழுக்கவா?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது, சாமி முன்னால் கேட்கிற மாதிரி. "நல்லா பார்த்தியா? முழுக்க அதுல இருக்கா?"

எட்டாம் பக்கம் என் இடது கையில் இருந்தது. அதை நாலாக மடித்து மாவு டப்பாவின் அடியில் சொருகினேன்.

"முழுக்க," என்றேன். "ஒரு வரி விடாம."

வைத்துவிட்டுத் திரும்பினால் அவள் சமையலறை வாசலில் நிற்கிறாள். பதினொரு நாள் எண்ணெய் வைக்காத தலை, கன்னத்தில் தலையணைக் கோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. மாவு டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைத் துடைத்தேன், ஏற்கெனவே துடைத்த அடுப்பை.

"ஒரு வரி விடாமவா?" என்றாள். குரல் துருப்பிடித்திருந்தது.

"ஆமா," என்றேன். "நின்னுக்கிட்டு என்ன, தட்டை எடு. சோறு ஆறிப்போய்க் கெடக்கு."

அவள் தட்டை எடுக்கவில்லை.

"ஜெபாவுக்கு?"

"என்ன ஜெபாவுக்கு?"

"அவளுக்கு யாரு ஃபோன் பண்றது?"

அந்த எண்ணை அழித்தவள் நான். ஃபோனைப் பறித்த அன்றைக்கே, முதல் வேலையாக, அழித்துவிட்டுக் குப்பையிலிருந்தும் அழித்தேன். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள், ஒன்பது, ஏழு, எட்டு, நிறுத்தி நிறுத்தி, டிக்டேஷன் போடுகிற மாதிரி, பத்து எண். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தினேன். காதில் வைத்தேன். ஜெபாவின் அம்மா எடுத்தால் என்னிடம் என்ன கேட்பாள், நான் என்ன சொல்வேன், எந்த மொழியில் சொல்வேன்.

"சுவிட்ச் ஆஃப்னு வருது," என்றேன்.

"திருப்பிப் போடு."

போட்டேன்.